சீன மருத்துவம் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

ஒரே மழையில் இருவர் நனைகிறார்கள். மறுநாள் ஒருவருக்கு உடம்பெல்லாம் வலி, போர்வைக்குள் கிடந்தும் நடுக்கம், ஒரு சொட்டு வியர்வை இல்லை. மற்றவருக்குத் தொண்டை எரிகிறது, நெற்றி கொதிக்கிறது, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறார். சீன மரபு மருத்துவர் முதலாமவருக்குக் ‘குளிர்’ என்றும் இரண்டாமவருக்கு ‘வெப்பம்’ என்றும் எழுதுவார். இரண்டு பேரும் நனைந்தது ஒரே மழைதானே என்று அவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் மழையைப் பார்க்கவில்லை, மழை பட்ட உடம்பு என்ன செய்கிறது என்பதைப் பார்க்கிறார்.

இந்த மருத்துவத்தைப் படிக்க வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். காற்று, குளிர், ஈரம் என்று பாடநூலில் பட்டியலைப் பார்த்ததும், நோயாளியிடம் “விசிறிக்கடியில் படுத்தீர்களா, ஐஸ் தண்ணீர் குடித்தீர்களா” என்று விசாரித்து, வந்த பதிலையே காரணமாக எழுதிவிடுகிறார்கள். சீன மருத்துவத்தில் காரணம் கடைசியில்தான் தெரியவரும். அறிகுறிகளைக் கூட்டிப் பார்த்து, இப்படி நடக்க வைப்பது எதுவாக இருக்கும் என்று பின்னோக்கிப் போய் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். நனைந்தேன், குளிர்ந்தேன் என்று நோயாளி சொல்லும் கதை துணைச்சாட்சி மட்டுமே.

ஏன் அப்படி என்பதற்குச் சீன மருத்துவத்தின் பழைய மூலநூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ நூலின் இரண்டாம் பாகமான லிங்ஷூ, 66ஆம் அத்தியாயத்தில் விடை வைத்திருக்கிறது. காற்று, மழை, குளிர், வெப்பம் எதுவும் உள்ளே பலவீனம் இல்லாத ஆளைத் தனியாக வந்து வீழ்த்த முடியாது. திடீர்ப் புயல்மழையில் மாட்டியும் நோய்படாதவன் உள்ளே குறைவில்லாதவன். முதல் பாகமான சுவென் 33ஆம் அத்தியாயம் இதையே திருப்பிச் சொல்கிறது: கேடு எங்கே கூடுகிறதோ அங்கே உயிராற்றல் ஏற்கெனவே குறைந்திருக்க வேண்டும். சீனர்கள் ‘சி’ என்பதைத்தான் இங்கே உயிராற்றல் என்கிறேன். ஆகவே ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு கேள்வி உண்டு. வந்தது எது? அதற்கு இடம் கொடுத்தது எது? முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிற மருத்துவர் பாதிக் கணக்குத்தான் போட்டிருக்கிறார்.

காரணங்களை மூன்று கட்டாகப் பிரிப்பது பழைய வழக்கம். ஹான் அரசமரபுக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் நோய் நுழையும் வழிகளை மூன்றாகச் சொன்னார். 1174இல் சென் யென் அதைத் திருத்தி இன்று எல்லாரும் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெளிக்காரணம் என்றால் வானிலையின் ஆறு மிகைகள்: காற்று, குளிர், கோடை வெப்பம், ஈரம், வறட்சி, தீ. உட்காரணம் என்றால் ஏழு உணர்ச்சிகள். இரண்டிலும் சேராதவை மூன்றாம் கட்டு. பசியும் மிதமிஞ்சிய சாப்பாடும், கத்திக்கத்தி மூச்சு கெடுவதும், புலி ஓநாய் விஷப்பூச்சிகளும், வெட்டுக்காயம், எலும்பு முறிவு, நசுங்குதல், நீரில் மூழ்குதல் எல்லாம் அதில் வரும். தேர்வுக்கு இந்தப் பட்டியல் போதும். நோயாளி எதிரே உட்கார்ந்தால் போதாது.

ஆறு மிகைகளையும் அவை உடம்பில் நடந்துகொள்ளும் விதத்தால்தான் அடையாளம் காண வேண்டும். காற்று சட்டென்று வரும், இடம் மாறும், தலை, முகம், தோல் என்று மேற்புறத்தைப் பிடிக்கும். இன்று தோளில் வலி, நாளை முழங்காலில், அரிப்பு ஒரு இடத்தில் நிற்காது. குளிர் சுருக்கும், இறுக்கும். வலி ஒரே இடத்தில் குத்தி நிற்கும், சூடு பட்டால் தளரும், வெளியேறுவது எதுவானாலும் நீர்த்துத் தெளிவாக இருக்கும். வறட்சியில் மூக்கும் உதடும் காயும், இருமல் வரும், சளி வராது, வந்தாலும் நூல்போல ஒட்டும். கோடை வெப்பம் கோடையில் மட்டுமே வருவது. கடும் காய்ச்சல், பெருவியர்வை, தாகம், அதற்குமேல் எழ முடியாத அசதி. தீ சிவக்க வைக்கும், வீங்க வைக்கும், இரத்தம் கசிய வைக்கும், மனதையும் நிலைகொள்ள விடாது.

ஈரத்துக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆறில் அதிகம் தவறவிடப்படுவதும் அதிகம் இழுத்தடிப்பதும் அதுதான். தலையைத் துணியால் சுற்றிக் கட்டியதுபோல இருக்கும் என்று சுவென் 3ஆம் அத்தியாயம் சொல்கிறது. நோயாளிகளும் கிட்டத்தட்ட அதே வார்த்தையில் சொல்வார்கள். கைகால் கனக்கும். மலம் கழிப்பறைக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் விட்டாலும் போகாது. நாக்கில் பிசுபிசுப்பான தடித்த படலம். நாள்கணக்கில் வைத்தியம் செய்தும் நோய் நகராமல் கிடந்தால், அசதி என்று நினைத்துச் சத்து மருந்து கொடுத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஈரம் இருக்கும்போது இனிப்பும் சத்தும் சேர்ந்த மருந்து கொடுத்தால் வயிறு உப்பும், படலம் இன்னும் தடிக்கும், நோயாளி முன்பைவிடச் சோர்வார். சோர்ந்துவிட்டாரே என்று மருந்தின் அளவைக் கூட்டுவதும் நடக்கும்.

மூட்டு வலியை வைத்து இதைப் பழகுவது எளிது. சுவென் 43ஆம் அத்தியாயம் காற்று, குளிர், ஈரம் மூன்றும் கலந்து வருவதே மூட்டடைப்பு என்கிறது. எது ஓங்குகிறதோ அதன்படி நோய் நடக்கும். காற்று ஓங்கினால் வலி மூட்டு மூட்டாக அலையும். குளிர் ஓங்கினால் ஒரே மூட்டில் கடுமையாகக் குத்தும். ஈரம் ஓங்கினால் வலியைவிடக் கனமும் மரத்துப்போதலும் அதிகம். கேட்க வேண்டிய கேள்விகளும் அதிலிருந்தே வருகின்றன: வலி நகர்கிறதா, வெந்நீர் ஒத்தடம் சுகமா, மழை நாளில் கூடுகிறதா, மூட்டு சிவந்து சுடுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் இந்த மூன்றோடு வெப்பமும் சேர்ந்துவிட்டது. ஒத்தடமும், மாக்சா என்னும் மூலிகைத் திரியால் சூடு காட்டுவதும் அங்கே கெடுதல். சிவந்து சுட்டு வீங்கிய ஒற்றை மூட்டோடு காய்ச்சலும் இருந்தால் சீன மருத்துவக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூட்டுக்குள் சீழ் கட்டியிருந்தால் காத்திருக்க நேரமில்லை.

நாக்கைப் பார்ப்பதில் ஒரு சிறு ஒழுங்கு வேண்டும். பகல் வெளிச்சத்தில், சாப்பிடுவதற்கு முன், நாக்கு வழிக்காமல் பார்க்க வேண்டும். காபி படலத்தைப் பழுப்பாக்கும், பீட்ரூட்டும் வெற்றிலையும் சிவப்பாக்கும், பால் வெள்ளைப் படலம் இருப்பதாகக் காட்டும். காலையில் நாக்கு வழிப்பது நம் பழக்கம் என்பதால், முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் பார்க்க ஒன்றுமே இருக்காது. நோயாளி நாக்கை நீண்ட நேரம் நீட்டிக்கொண்டிருந்தாலும் நுனி சிவந்துவிடும். சில விநாடி பார்த்து, உள்ளே இழுக்கச் சொல்லி, திரும்பப் பார்ப்பதே முறை.

ஒரே ஒரு அறிகுறியை நம்புவதுதான் பெரிய பொறி. ‘குளிர்த் தாக்கு’ நோய் பற்றிய ஜாங் ஜோங்ஜிங்கின் நூலில் 11ஆம் வாசகம் இதற்கென்றே இருக்கிறது. உடம்பு கொதிக்கிறது, ஆனால் நோயாளி இன்னும் போர்த்தச் சொல்கிறார் என்றால் வெப்பம் தோலில், குளிர் எலும்பு மச்சையில். உடம்பு ஜில்லிட்டிருக்கிறது, ஆனால் போர்வையை உதறுகிறார் என்றால் குளிர் தோலில், வெப்பம் மச்சையில். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாமல், நோயாளியின் கை போர்வையை இழுக்கிறதா தள்ளுகிறதா என்று கவனிக்கச் சொல்கிறார். தெர்மாமீட்டர் இருக்கும் காலத்திலும் சீன மருத்துவர் “குளிர் எடுக்கிறதா, காற்றுப் பட்டால் கூசுகிறதா” என்று கேட்பது இதனால்தான்.

ஜாங் ஜோங்ஜிங்கை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் முன்னுரையில் சொல்லும் கணக்கு இது. அவருடைய குலத்தில் முன்பு 200 பேருக்கு மேல் இருந்தார்கள். 196இல் தொடங்கிய ஜியான்ஆன் ஆட்சிக்காலத்தில் பத்தாண்டு முடியுமுன் மூன்றில் இரண்டு பங்கு இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ‘குளிர்த் தாக்கு’ நோயால். அந்தச் சாவுகளுக்குப் பின் எழுதியவர் என்பதால் மருந்தின் பெயரோடு நிற்காமல் அதை எப்படிக் காய்ச்சுவது, எப்போது நிறுத்துவது என்பதுவரை எழுதி வைத்தார்.

குளிர் வெளியிலிருந்து வந்து மேற்புறத்தில் நிற்கும்போது அவர் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: வியர்வை இருக்கிறதா? தலைவலி, காய்ச்சல், காற்றுக்குக் கூச்சம் எல்லாம் இருந்து, வியர்வையும் கசிந்தால் தோலின் கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். வியர்வையே இல்லாமல் உடம்பும் இடுப்பும் மூட்டும் வலித்து மூச்சும் இரைத்தால் கதவு இறுகப் பூட்டிக்கொண்டது. முன்னதற்குக் குய்ஜி கஷாயம், பின்னதற்கு மாஹுவாங் கஷாயம். இரண்டிலும் காரணத்தின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடம் கொடுத்த உடம்பு வேறு.

குய்ஜி கஷாயத்தில் குய்ஜி எனப்படும் சீன இலவங்க மரத்தின் இளங்குச்சி 3 லியாங் (லியாங் பழைய எடை அளவு), பியோனி வேர் 3, இஞ்சி 3, வறுத்த அதிமதுரம் 2, இலந்தைப் பழம் 12. ஹான் காலத்து ஒரு ஷெங் சுமார் 200 மில்லிலிட்டர். 7 ஷெங் தண்ணீரில் சிறு தீயில் 3 ஷெங்காகச் சுண்டக் காய்ச்சி, வடித்து, வெதுவெதுப்பாக ஒரு ஷெங் குடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஷெங்குக்கு மேல் சூடான நீர்க்கஞ்சி. பிறகு இரண்டு மணி நேரம் போல் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். உடம்பு முழுக்க லேசாக நனைந்தால் சரி. தண்ணீராகக் கொட்ட விடக்கூடாது, கொட்டினால் நோய் போகாது என்று அவரே எழுதுகிறார். முதல் குடிப்பிலேயே வியர்த்துக் குணமானால் மீதியைக் கொட்டிவிட வேண்டியதுதான். வியர்க்காவிட்டால் இடைவெளியைக் குறைத்து அரை நாளுக்குள் மூன்றையும் குடிக்க வேண்டும். பச்சையானது, குளிர்ந்தது, வழவழப்பானது, இறைச்சி, மாவுப் பண்டம், பூண்டு வகை, மது, தயிர் வகை கூடாது.

இந்த மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலும் கஞ்சியும் போர்வையும் விடுபட்டிருக்கும். மருந்தை மட்டும் குடித்துவிட்டு ஏசி அறையில் வேலை பார்த்தால் அது வெறும் இனிப்புக் கஷாயம். ஏனென்றால் வியர்வையை வெளியே தள்ள வேண்டிய பலம் வயிற்றிலிருந்து வர வேண்டும் என்பதுதான் இங்கே கணக்கு, கஞ்சி அதற்குத்தான்.

மாஹுவாங் கஷாயத்துக்குக் கஞ்சி வேண்டாம் என்றே நூலில் இருக்கிறது, அது அத்தனை வேகம். மாஹுவாங் எனப்படும் எபெட்ரா செடி 3 லியாங்கை 9 ஷெங் தண்ணீரில் முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, 2 ஷெங் வற்றியதும் மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, அதற்குப் பின்தான் இலவங்கக் குச்சி 2, அதிமதுரம் 1, ஆப்ரிகாட் பருப்பு 70 சேர்க்க வேண்டும். நுரையை விட்டால் நெஞ்சு படபடக்கும் என்பது பழைய எச்சரிக்கை. எபெட்ராவில் எபெட்ரின் இருப்பது இன்று தெரியும். இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அமெரிக்கா 2004இல் உணவுச் சேர்க்கைகளில் அதைத் தடை செய்தது. எடை குறைக்கவும் ஊக்கம் ஏறவும் மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு நேர்ந்த கேடு அதற்குப் பின்னணி. பழைய நூலோ வியர்த்ததும் நிறுத்தச் சொல்கிறது. தொண்டை வறண்டவர், மூக்கில் இரத்தம் வருபவர், இரத்தம் இழந்தவர் ஆகியோருக்கு வியர்வை வரவழைக்கவே கூடாது என்கிறது. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர் இந்த மருந்தின் பக்கமே போகக்கூடாது.

மிகையாக வியர்க்க வைத்தால் என்ன ஆகும் என்பதும் 20ஆம் வாசகத்தில் இருக்கிறது. வியர்வை நிற்காமல் ஒழுகும், காற்றுக்குக் கூசும், சிறுநீர் சுருங்கும், கைகால் இழுத்துக்கொண்டு மடக்க முடியாது. இப்போது நோயின் காரணம் மாறிவிட்டது. குளிர் போய், மருத்துவர் உண்டாக்கிய வெறுமைதான் நோயாக நிற்கிறது. அந்த நூலில் கணிசமான பகுதி இப்படித் தவறான வைத்தியத்தால் கெட்ட நோயாளியை மீட்பது பற்றியதுதான். வைத்தியனையும் ஒரு நோய்க்காரணமாகக் கணக்கில் எடுத்த நேர்மைக்கு அவரை மெச்ச வேண்டும்.

அளவு பற்றி ஒரு குறிப்பு. ஹான் காலத்து லியாங் இன்றைய 14 முதல் 15 கிராம் வரை என்று அகழாய்வில் கிடைத்த எடைக்கற்கள் காட்டுகின்றன. மிங் காலத்து லி ஷிஜென் பழைய ஒரு லியாங்குக்கு இன்று ஒரு சியென் போதும் என்றார், அதாவது சுமார் 3 கிராம். இன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் அவர் வழியில் குய்ஜியை 9 கிராம் என்கின்றன. இணையத்தில் ஒருவர் 45 கிராம் என்றும் இன்னொருவர் 9 என்றும் எழுதுவது இதனால்தான். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே சீட்டில் கலந்துவிட்டால் விகிதமே கெட்டுப்போகும்.

வெளிக்கேடு என்று நினைத்து உட்கேட்டுக்கு வைத்தியம் செய்வது அடுத்த பெரிய தவறு. மருத்துவர் லி தோங்யுவான் தன் கொள்கையை நிறுவ எடுத்துக்கொண்ட சாட்சியம் 1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டது. முற்றுகை நீங்கிய பின் நோய்படாதவர் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பேர்கூட இல்லை. நகரின் 12 வாயில்களில் ஒவ்வொன்றின் வழியாகவும் நாளொன்றுக்கு 1,000 முதல் 2,000 பிணங்கள் போயின, கிட்டத்தட்ட மூன்று மாதம். மருத்துவர்கள் குளிர்த் தாக்கு என்று வியர்க்க வைத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், நோயாளிகள் செத்தார்கள். ஊரில் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் குளிர் பிடித்திருக்க முடியுமா என்று அவர் கேட்டார். பல நாள் பட்டினி, அச்சம், ஓயாத உழைப்பு. முற்றுகை நீங்கியதும் வாயடங்காமல் சாப்பிட்டது. இவற்றால் மண்ணீரலும் இரைப்பையும் கெட்டு உள்ளிருந்து எழுந்த காய்ச்சல் இது என்றார். அது ஒரு தொற்றுக் கொள்ளைநோயாக இருந்திருக்கலாம் என்று இன்று கருதுவோர் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இரண்டு காய்ச்சல்களைப் பிரிக்க அவர் எழுதி வைத்த அடையாளங்கள் இன்றும் சீன மருத்துவரின் கைக்கருவி.

வெளிக்கேட்டில் புறங்கை சுடும், உள்ளங்கை சுடாது. உட்கேட்டில் உள்ளங்கை சுடும், புறங்கை சுடாது. வெளிக்கேட்டில் நடுக்கமும் காய்ச்சலும் ஒன்றாக, விடாமல் இருக்கும். உட்கேட்டில் விட்டு விட்டு மாறும். தலைவலியும் அப்படியே. வெளிக்கேட்டில் மூக்கு அடைத்து, குரல் அடைத்த அறையிலிருந்து வருவதுபோலக் கனத்தாலும் பேச்சில் பலம் இருக்கும்; உட்கேட்டில் நாக்குக்கு ருசி போய், பேசவே சலிப்பாக, வாக்கியம் பாதியில் தேயும். இப்படிப்பட்டவருக்கு அவர் கொடுத்தது அஸ்ட்ராகலஸ் வேரும் ஜின்செங்கும் அதிமதுரமும் முன்னிற்கும் புஜோங் யிசி கஷாயம். வெளிக்காய்ச்சலில் அதைக் கொடுத்தால் திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிய கதையாகும். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குக் காசநோய், மலேரியா, டைபாய்டு சோதனைகளை முடித்துவிட்டுத்தான் இந்தக் கை பார்க்கும் வேலைக்கு வர வேண்டும்.

கொள்ளைநோய் விஷயத்தில் ஆறு மிகைக் கோட்பாடு போதவில்லை என்று சீனாவுக்குள்ளேயே ஒருவர் சொன்னார். 1641இல் ஷாந்தோங், ஜெஜியாங், இரு தலைநகர்ப் பகுதிகளில் கொள்ளைநோய் பரவியது. அடுத்த ஆண்டு வூ யோகே எழுதிய நூலில், இது காற்றும் அல்ல, குளிரும் அல்ல, பருவம் தவறியதாலும் வரவில்லை என்றார். வானத்துக்கும் பூமிக்கும் இடையில் தனியான ஒரு நச்சு இருக்கிறது. தோல் வழியாக இல்லாமல் வாய், மூக்கு வழியாக நுழைகிறது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி நச்சு. அவர் காட்டிய ஆதாரம் கிராமத்துக் கண்ணுக்குத் தெரிவது: மாட்டுக்கு வந்தால் ஆட்டுக்கு வருவதில்லை, கோழிக்கு வந்தால் வாத்துக்கு வருவதில்லை. நுண்ணுயிர் என்று அவர் சொல்லவில்லை, நாமும் அவர் வாயில் அதைத் திணிக்க வேண்டாம். அவருடைய தாயுவான் கஷாயத்தின் தலைமருந்து நம் கொட்டைப்பாக்கு, 2 சியென். நாக்கில் மாவு பூசியதுபோல வெள்ளைப் படலம் இருக்கும்போது கொடுத்தார், பிற்பகலில் வெதுவெதுப்பாக.

அதற்கும் முன்னால், 610இல் சூய் அரசவை மருத்துவர் சாவ் யுவான்ஃபாங் நோய்க்காரணங்களுக்கு மட்டும் 50 சுருளில் ஒரு நூல் தொகுத்தார். சொறி சிரங்கில் சிறு பூச்சி இருக்கிறது, ஊசிமுனையால் நெம்பி எடுக்கலாம் என்பது அதில் உண்டு. அரக்கு மரப்பாலால் சிலருக்கு மட்டும் கொப்புளம் வருவது பிறவி இயல்பால் என்பதும் உண்டு. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதிய இடங்களில் இந்த மரபு வியக்க வைக்கிறது.

வூ யோகேக்குப் பின் யே தியான்ஷியும், 1798இல் தன் நூலை முடித்த வூ ஜூதோங்கும் ‘வெப்ப நோய்’ என்று தனிப் பிரிவையே கட்டினார்கள். நடுக்கம் கொஞ்சம், காய்ச்சல் அதிகம், தொண்டை வலி, தாகம், நாக்கு நுனி சிவப்பு என்றால் வூ ஜூதோங்கின் யின்சியாவ் பொடி. இதில் முக்கியம் காய்ச்சும் நேரம். 6 சியென் பொடியை நாணல் வேர்த் தண்ணீரில் போட்டு, மணம் நன்றாக எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். நேரமானால் ருசி கெட்டிப்பட்டு மருந்து நுரையீரலை விட்டு வயிற்றுக்குப் போய்விடும் என்பது அவர் விளக்கம். நமக்கு எளிதாகப் புரிவது, புதினா போன்றவற்றின் மணத்தைலம் கொதியில் பறந்துவிடும் என்பது. நோய் கடுமையானால் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, பகலில் மூன்று, இரவில் ஒன்று. குய்ஜி கஷாயத்தைப் போல இதையும் அரை மணி, முக்கால் மணி கொதிக்க வைப்பவர்கள் உண்டு. வடிகட்டினால் கசப்பு நீர் மட்டும் மிஞ்சும்.

ஒரே கிருமி, இரண்டு காரணம் என்பதற்கு 1950களில் ஓர் எடுத்துக்காட்டு. ஷிஜியாஜுவாங் நகரில் 1954, 1955 ஆண்டுகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மருத்துவர்கள் கோடை வெப்பமாகப் படித்து, ஜிப்சம் முதன்மையான பாய்ஹூ கஷாயம் கொடுத்தார்கள். நல்ல பலன் என்று அறிவித்தார்கள். 1956இல் பெய்ஜிங்கில் அதே நோய் வந்தபோது அதே மருந்து எடுபடவில்லை. அந்த ஆண்டு பெய்ஜிங்கில் மழை அதிகம். இது வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்தது என்று மருத்துவர் பூ ஃபுஜோ படித்து, ஈரத்தைக் களையும் நறுமண மருந்துகளுக்கு மாற்றினார். சீன மருத்துவப் பள்ளிகளில் இதைப் பெருமையோடு சொல்வார்கள். இன்று கேட்கும் அளவுகோலில் இவை ஒப்பீட்டுச் சோதனைகள் அல்ல, ஆகவே மருந்து காப்பாற்றியது என்பதற்குச் சான்றாக எடுக்க முடியாது. காரணத்தை ஒவ்வொரு ஊருக்கும் பருவத்துக்கும் எப்படித் திரும்பப் படிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடமும் கிடையாது. அந்த நோயைக் கொசு பரப்புகிறது, தடுப்பூசி உண்டு என்பது தனி.

உணர்ச்சிகளுக்கு வருவோம். சுவென் 39: கோபத்தில் உயிராற்றல் மேலே ஏறும், மிகு மகிழ்ச்சியில் தளரும், துயரத்தில் கரையும், பயத்தில் கீழிறங்கும், திடுக்கிடலில் சிதறும், ஓயாத யோசனையில் முடிச்சிடும். கோபம் வந்தவருக்கு முகம் சிவந்து தலை வலிப்பதையும், பயந்த பிள்ளை சிறுநீர் விடுவதையும், கவலைக்காரருக்கு வயிறு அடைத்துக்கொள்வதையும் பார்த்து எழுதியது என்பது தெரிகிறது. நாளும் வரும் சாதாரணக் கோபத்தை யாரும் காரணமாக எழுதுவதில்லை. திடீரென்று கடுமையாகவோ, ஆறாமல் நெடுநாளோ இருந்தால்தான் கணக்கு.

இதில் நான் எப்போதும் முதலில் எடுத்துச் சொல்வது ஜாங் சோங்ஜெங் (1156–1228) வைத்தியம் பார்த்த ஒரு பெண்ணின் கதை. விடுதி மாடியில் தங்கியிருந்த இரவு கொள்ளையர் வந்து தீ வைத்தார்கள், கட்டிலிலிருந்து விழுந்தார். அதன்பின் எந்தச் சத்தம் கேட்டாலும் மயங்கி விழுவார். வீட்டார் நுனிக்காலில் நடந்தார்கள். வேறு மருத்துவர்கள் இதய நோய் என்று ஜின்செங்கும் முத்தும் கொடுத்து ஓராண்டுக்கு மேல் பயனில்லை. ஜாங் அவரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பணிப்பெண்களைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முன்னால் தாழ்வாக ஒரு சிறு மேசையை வைத்தார். கட்டையால் மேசையைத் தட்டினார். அந்தப் பெண் அலறினார். “கட்டையால் மேசையைத் தட்டுகிறேன், இதில் பயப்பட என்ன?” என்று காட்டிவிட்டு, சற்று ஆறியதும் மறுபடி தட்டினார். நாலைந்து முறைக்குப் பின் கதவைத் தடியால் தட்ட வைத்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் சன்னலைக் கீறச் சொன்னார். அன்றிரவு அந்தி முதல் விடியும்வரை கதவையும் சன்னலையும் தட்டச் சொன்னார். ஒன்றிரண்டு நாளில் இடி இடித்தாலும் அவர் அசையவில்லை.

ஜாங் கொடுத்த விளக்கம்: திடுக்கிடல் தெரியாததிலிருந்து வருவது, பயம் தெரிந்ததிலிருந்து வருவது. எதிர்பார்க்கும் இடத்தில், கண்ணுக்குத் தாழ்வாக, பழகும் வேகத்தில் சத்தத்தைக் கொடுத்தால் தெரியாதது தெரிந்ததாகிவிடும். இன்றைய மனநல சிகிச்சையில் படிப்படியாக அச்சத்தைப் பழக்குவதும் இந்தத் திசையில்தான் போகிறது. வரிசையை மாற்றி முதுகுக்குப் பின்னால் தொடங்கியிருந்தால் நோய் முற்றியிருக்கும்.

மூன்றாம் கட்டில் சாப்பாடும் வேலையும். சுவென் 10இல் உப்பு மிகுந்தால் நாளம் இறுகி நிறம் மாறும், கசப்பு மிகுந்தால் தோல் காய்ந்து மயிர் உதிரும், காரம் மிகுந்தால் தசைநார் இழுத்து நகம் வாடும், புளிப்பு மிகுந்தால் சதை தடித்து உதடு உரியும், இனிப்பு மிகுந்தால் எலும்பு வலிக்கும் என்று இருக்கிறது. சுவென் 23இல் நெடுநேரம் பார்ப்பது இரத்தத்தையும், படுப்பது உயிராற்றலையும், உட்காருவது சதையையும், நிற்பது எலும்பையும், நடப்பது தசைநாரையும் கெடுக்கும் என்று இருக்கிறது. ஓய்வும் இதில் ஒரு காரணமாக நிற்பதைக் கவனியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பின் கபமும் தேங்கிய இரத்தமும். இரண்டும் நோயின் விளைவாகப் பிறந்து அடுத்த நோய்க்குக் காரணமாகிவிடுகின்றன. ஒரே இடத்தில் குத்தும், இரவில் கூடும் வலி, நாக்கில் ஊதாப் புள்ளி, அடிநாக்கில் புடைத்த நாளம் இருந்தால் தேங்கல். முதல் காரணம் எப்போதோ போயிருக்கும். அதைத் தேடிக்கொண்டிருப்பது வீண்.

தமிழ்நாட்டில் அக்குபங்சர் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சீனத்து ஐந்து கட்டங்கள் மரம், தீ, மண், உலோகம், நீர். இங்கே பல வகுப்புகளில் அவற்றைப் பஞ்சபூதத்தோடு பொருத்தி, கல்லீரலை ஆகாயம் என்றும் நுரையீரலைக் காற்று என்றும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் சீனநூலில் காற்று சேர்வது மரத்தோடும் கல்லீரலோடும். தலைச்சுற்றல், நடுக்கம், இழுப்பு போன்ற ‘உட்காற்று’ நோய்க்கு நுரையீரலுக்குரிய உயிராற்றல் ஓடுபாதையில் அக்குபங்சர் ஊசி போடுபவர்கள் இந்தப் பொருத்தத்தால்தான் தடம் மாறுகிறார்கள்.

கடைசியாக, மருந்துச் சரக்கு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங்ஜி என்னும் மூலிகையின் பெயரில் வேறொரு செடி, அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள அரிஸ்டோலோகியா இனம், கலந்து வந்ததே காரணம். மூதோங் என்ற மூலிகையின் பெயரிலும் இதே குழப்பம் இருந்தது. சீனா 2003இல் அந்த அமிலம் உள்ள குவான் மூதோங் வகையைப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. சரக்கு வாங்கும்போது சீனப் பெயரை மட்டும் பார்க்காமல் தாவரவியல் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதாத பொட்டலத்தை வாங்கக்கூடாது. மாதக்கணக்கில் கஷாயம் குடிப்பவர் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும், வேறு ஆங்கில மருந்து எடுத்தால் இரண்டு மருத்துவருக்கும் இரண்டு பட்டியலையும் காட்ட வேண்டும்.